ஆட்டிசக் குழந்தைகளின் தற்பராமரிப்புக் கல்வியில் காணொளி: பெற்றோரின் இடம் குறித்த வரலாற்று நோக்கு

ஆய்வுச் சுருக்கம்

ஆட்டிசம் உடைய குழந்தைகளுக்குக் கைகழுவுதல், பல்துலக்குதல், உடையுடுத்துதல், கழிப்பறையைப் பயன்படுத்துதல் முதலிய தற்பராமரிப்புத் திறன்களைக் காணொளி வழியாகக் கற்பிக்கும் முறை இன்று பல நாடுகளில் வழக்கில் உள்ளது. அமெரிக்க ஐக்கிய நாடுகளை மையமாகக் கொண்டு இம்முறையின் வரலாற்றை 1943 முதல் 2020 வரை இக்கட்டுரை ஆராய்கிறது. குழந்தையின் நிலைக்குக் காரணமானவர் எனக் குற்றம் சாட்டப்பட்ட பெற்றோர், பின்னர் பயிற்றுநராக ஏற்கப்பட்டதே இம்முறை வீட்டிற்குள் வர வழிவகுத்தது என்பதையும், அவ்வரவு குழந்தையின் அந்தரங்கம் குறித்த கேள்வியை எழுப்பியது என்பதையும் கட்டுரை எடுத்துரைக்கிறது.

திறவுச்சொற்கள்: ஆட்டிசம், தற்பராமரிப்பு, காணொளி முன்மாதிரி, பெற்றோர், அந்தரங்கம்

முன்னுரை

தானாகக் குளிக்கவும் உடுத்தவும் இயலாத ஒருவரின் உடல் நாள்தோறும் பிறர் கைக்கு உட்படுகிறது. குழந்தைப் பருவத்தில் இயல்பாகத் தோன்றும் இந்நிலை, பதின்பருவத்தில் அவருக்கும் பராமரிப்பவருக்கும் இடர்ப்பாடாக மாறுகிறது. ஆகவே, தற்பராமரிப்பு என்பது ஒருவர் தம் உடல்மீது கொள்ளும் உரிமையோடு தொடர்புடையது. தமிழில் மதியிறுக்கம் என்றும் வழங்கப்படும் ஆட்டிசம் உடைய குழந்தைகள் பலர், பிறரைப் பார்த்துப் பின்பற்றுவதில் இடர்ப்படுகின்றனர். மற்றக் குழந்தைகள் தாமே கற்றுக்கொள்ளும் செயல்களை இவர்களுக்குத் திட்டமிட்டுக் கற்பிக்க வேண்டியுள்ளது.

இக்கற்பித்தலில் காணொளி இடம்பெற்றதைப் பெரும்பாலும் கருவிகளின் வளர்ச்சியாகவே காண்பர். ஆனால், கருவி கிடைப்பது மட்டும் போதுமானதாக இருந்திருக்க இயலாது. வீட்டில் அதனை இயக்கும் பெற்றோரை வல்லுநர்கள் நம்ப வேண்டியிருந்தது. அந்நம்பிக்கை எளிதில் கிடைத்துவிடவில்லை.

குற்றம் சாட்டப்பட்ட பெற்றோர்

பால்டிமோரில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் பணியாற்றிய லியோ கானர், 1943இல் 11 குழந்தைகளைப் பற்றிய தம் கட்டுரையை வெளியிட்டார். அந்நிலை பிறவியிலேயே அமைந்தது என அவர் அக்கட்டுரையில் முடிவுகூறினாலும், பெற்றோரிடம் கனிவு குறைந்திருந்ததையும் சுட்டினார். 1949ஆம் ஆண்டுக் கட்டுரையில் அக்குழந்தைகள் வளர்ந்த சூழலைக் குளிர்சாதனப் பெட்டியோடு ஒப்பிட்டார். 'குளிர்சாதனப் பெட்டித் தாய்' என்னும் பழிச்சொல் பின்னர் பரவியது. சிகாகோவில் உறைவிடப் பள்ளி நடத்திய புரூனோ பெட்டல்ஹைம், 1967இல் வெளியிட்ட 'வெறுமைக் கோட்டை' என்னும் நூல் இக்கருத்தைப் பொதுமக்களிடம் கொண்டுசென்றது. குழந்தையைப் பெற்றோரிடமிருந்து பிரித்து வளர்ப்பதே அவர் காட்டிய வழி. இக்கருத்து மேலோங்கியிருந்தவரை, தாயே ஆசிரியராக அமையும் முறை தோன்ற இடமில்லை.

மாற்றம் பெற்றோரிடமிருந்தே வந்தது. அமெரிக்கக் கடற்படையில் உளவியலாளராகப் பணியாற்றிய பெர்னார்ட் ரிம்லாண்ட், ஆட்டிசம் உடைய மகனின் தந்தை. ஆட்டிசம் உடற்கூறு சார்ந்தது எனச் சான்றுகளுடன் வாதிடும் நூலை அவர் 1964இல் வெளியிட்டார். அதற்குக் கானரே முன்னுரை எழுதினார். 1965இல் ரிம்லாண்டும் பிற பெற்றோரும் இணைந்து ஆட்டிசக் குழந்தைகளுக்கான தேசியச் சங்கத்தைத் தொடங்கினர். 1969இல் அச்சங்கத்தின் கூட்டத்தில் உரையாற்றிய கானர், பெற்றோரைக் குற்றத்திலிருந்து விடுவிப்பதாக அறிவித்தார்.

இதனையடுத்துப் பெற்றோரைப் பயிற்றுநராக ஏற்கும் ஆய்வுகள் வந்தன. வட கரோலினாவில் எரிக் ஷாப்லரும் ராபர்ட் ரைக்லரும் 1971இல் பெற்றோரை இணைச் சிகிச்சையாளர் எனக் குறிப்பிட்டனர். கலிபோர்னியாவில் ஐவார் லோவாஸ் குழுவினர் 1973இல் வெளியிட்ட தொடராய்வு மேலும் தெளிவானது. பெற்றோர் பயிற்சி பெற்ற குழந்தைகள் கற்றதைத் தக்கவைத்து முன்னேறினர். காப்பகங்களுக்குத் திருப்பி அனுப்பப்பட்டோர் கற்றதை இழந்தனர். அதே லோவாஸ் 1960களில் மின்னதிர்ச்சி உள்ளிட்ட வலிதரும் தண்டனைகளைக் கையாண்டவர் என்பதும் இவ்வரலாற்றில் மறைக்கத்தக்கதன்று. தண்டனையின்றிக் கற்பிக்கும் வழிகளின் தேவையை அது உணர்த்துகிறது.

திரைவழிக் கற்றல்

காணொளிக் கற்பித்தலின் கோட்பாட்டு வேர் ஆல்பர்ட் பண்டுராவின் ஆய்வுகளில் உள்ளது. ஸ்டான்ஃபோர்டில் 1961இல் நிகழ்த்திய பொம்மைச் சோதனையில், பெரியவர் பொம்மையை அடிப்பதைக் கண்ட குழந்தைகள் அவ்வாறே அடித்தனர். நேரில் கண்டதற்கு நிகராகத் திரைப்படத்தில் கண்டதும் குழந்தைகளை ஈர்த்ததை 1963ஆம் ஆண்டு ஆய்வு காட்டியது. ஊடக வன்முறை குறித்த எச்சரிக்கையாகவே இம்முடிவு முதலில் பேசப்பட்டது. ஆனால் 1968இல் பண்டுராவும் மென்லவும், நாய்க்கு அஞ்சும் குழந்தைகளின் அச்சத்தைத் திரைப்பட முன்மாதிரிகளால் குறைத்துக் காட்டினர். திரையின் ஆற்றல் இவ்வாறு நலம் பயப்பதற்கும் உரியதாயிற்று.

ஆட்டிசத் துறையில் இதன் பயன்பாடு 1980களின் பிற்பகுதியில் வலுப்பெற்றது. ஹாரிங் குழுவினர் 1987இல் ஆட்டிசம் உடைய இளைஞர்களுக்குக் கடையில் பொருள் வாங்கும் திறனை ஒளிநாடா வழியாகக் கற்பித்தனர். 1989இல் சார்லப், மில்ஸ்டீன் ஆகியோர் மூன்று சிறுவர்களுக்கு உரையாடும் திறனைக் கற்பித்தனர். இம்முன்னோடி ஆய்வுகளில் சமூகத் திறன்களே முன்னிடம் பெற்றன. குளியலறையும் கழிப்பறையும் வீட்டிற்குள் இருப்பவை. ஆய்வாளர் எளிதில் நுழைய இயலாதவை.

2000ஆம் ஆண்டில் சார்லப்-கிறிஸ்டி குழுவினர் ஐந்து குழந்தைகளிடம் நிகழ்த்திய ஒப்பீட்டாய்வு திருப்புமுனையாக அமைந்தது. ஒவ்வொரு குழந்தைக்கும் ஒரு திறன் நேரடிச் செய்துகாட்டல் வழியாகவும், அதையொத்த மற்றொரு திறன் காணொளி வழியாகவும் கற்பிக்கப்பட்டது. தற்பராமரிப்பும் அத்திறன்களுள் இடம்பெற்றிருந்தது. காணொளிவழிக் கற்றல் விரைவாக நிகழ்ந்ததோடு, புதிய சூழல்களிலும் வெளிப்பட்டது. 2007இல் பெல்லினி, அகுல்லியன் ஆகியோர் 23 ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிட்டு இம்முறையின் பயனை உறுதிசெய்தனர்.

காணொளி ஏன் உதவுகிறது என்பதற்கு ஆய்வாளர் கூறும் காரணங்கள் எளியவை. ஆட்டிசம் உடைய குழந்தையின் கவனம் பல தூண்டல்களுள் ஒன்றிலேயே நிலைத்துவிடக்கூடும். தாய் பல்துலக்கிக் காட்டும்போது குழந்தை அவரது வளையலையே நோக்கிக்கொண்டிருக்கலாம். திரையோ தேவையானதை மட்டும் காட்டுகிறது. எத்தனை முறை காட்டினும் மாறாமல் காட்டுகிறது. சலிப்பையோ சினத்தையோ வெளிப்படுத்துவதில்லை.

ஆய்வகத்திலிருந்து வீட்டிற்கு

1976இல் ஜப்பானில் அறிமுகமான வி.எச்.எஸ். ஒளிநாடாவும், 1983இல் சோனி நிறுவனம் விற்பனைக்குக் கொண்டுவந்த ஒளிப்பதிவுக் கருவியும் படப்பிடிப்பை வீட்டிற்குள் கொண்டுவந்தன. 2007இல் ஐபோனும் 2010இல் ஐபேடும் வந்தபின், அவற்றின் பிந்தைய வடிவங்களில் பதிவுசெய்வதும் காட்டுவதும் ஒரே கருவியில் இயன்றன. குளியலறைக் கழுவுதொட்டியின் அருகிலேயே காணொளியைக் காட்டுவது எளிதாயிற்று.

பெற்றோர் பின்பற்றும் முறையின் அடிப்படை, செயலைப் படிகளாகப் பகுத்தல் ஆகும். கைகழுவுதல் ஒரு செயலாகத் தோன்றினும், குழாயைத் திறத்தல், கையை நனைத்தல், சோப்பைத் தேய்த்தல், அலசுதல், குழாயை மூடுதல், துடைத்தல் எனப் பல படிகளை உடையது. முழுச் செயலையும் காட்டியபின் செய்யச் சொல்வது காணொளி முன்மாதிரி. ஒரு படியைக் காட்டி நிறுத்தி, அதனைச் செய்தபின் அடுத்த படியைக் காட்டுவது காணொளித் தூண்டல். செய்பவரின் கண்ணுக்குத் தெரியும் கோணத்தில், கைகள் மட்டும் தோன்றுமாறு படம்பிடிப்பதும் உண்டு. 2002இல் ஷிப்லி-பெனமூ குழுவினர் இக்கோணத்தைப் பயன்படுத்தி, ஐந்து வயதுக் குழந்தைகள் மூவருக்கு மேசை அமைத்தல் போன்ற அன்றாடச் செயல்களைக் கற்பித்தனர்.

2014இல் அமெரிக்க ஆய்வுக்குழுவொன்று சான்றுகளால் உறுதிப்பட்ட 27 நடைமுறைகளைப் பட்டியலிட்டது. காணொளி முன்மாதிரியும் பெற்றோர்வழிப் பயிற்சியும் அதில் தனித்தனியே இடம்பெற்றன. 2020இல் குரூஸ்-டோரஸ் குழுவினர் வெளியிட்ட ஆய்வில் இவ்விரண்டும் இணைந்தன. பதின்பருவத்தினருக்கு அன்றாடத் திறன்களைப் பெற்றோரே காணொளித் தூண்டல் வழியாகக் கற்பித்தனர்.

கேமராவும் கண்ணியமும்

காணொளி வீட்டிற்குள் வந்ததும் புதிய சிக்கல் தோன்றியது. ஒரு குழந்தை தன் வெற்றிகரமான செயலையே திரையில் கண்டு கற்கும் தன்முன்மாதிரி முறை 1970 முதல் அறியப்பட்டது. குளியல், கழிப்பறை ஆகியவற்றிற்கு அதனைக் கையாள்வது குழந்தையின் உடலைப் பதிவுசெய்வதாகிவிடும். கழிப்பறைப் பயிற்சி குறித்து 2007இல் வெளியான கீன் குழுவினரின் ஆய்வு இயங்குபடத்தைப் பயன்படுத்தியது. யாருடைய உடலையும் காட்டாமல் செயலைக் கற்பிக்கலாம் என்பதற்கு அது சான்றாகும்.

குழந்தைகளின் அந்தரங்க உரிமையை ஐ.நா. குழந்தை உரிமைகள் உடன்படிக்கையும் (1989), மாற்றுத்திறனாளிகளின் அந்தரங்க உரிமையை 2006ஆம் ஆண்டு உடன்படிக்கையும் ஏற்கின்றன. இம்முறை பெரிதும் வளர்ந்த அமெரிக்கா, கையெழுத்திட்டும் இவ்விரண்டுக்கும் ஏற்புறுதி வழங்கவில்லை என்பது நோக்கத்தக்கது.

ஆட்டிசம் உடையோரின் குரலும் இங்குக் கருதத்தக்கது. ஜிம் சின்கிளேர் 1993இல் பெற்றோரை நோக்கி ஆற்றிய உரையில், தங்களை எண்ணித் துயருற வேண்டா எனவும், ஆட்டிசம் தங்கள் இருப்பிலிருந்து பிரிக்கவியலாதது எனவும் வாதிட்டார். குழந்தையை மற்றவர்போல் தோன்றச் செய்வதே நோக்கமாயின் இவ்வாதம் காணொளிக் கற்பித்தலையும் சாரும். குளியலறைக் கதவைக் குழந்தை தானே சாத்திக்கொள்ளும் நிலையை நோக்கமாகக் கொண்டால், இவ்விரண்டும் முரண்படுவதில்லை.

முடிவுரை

பெட்டல்ஹைமின் காலத்தில் குழந்தையிடமிருந்து விலக்கப்பட வேண்டியவராகக் கருதப்பட்ட பெற்றோர், 2020இல் அக்குழந்தையின் ஆசிரியராக நிற்கின்றனர். எனினும், படிகளைப் பகுப்பதும் படம்பிடிப்பதும் மீண்டும் மீண்டும் காட்டுவதும் ஊதியமற்ற உழைப்பே. குழந்தை கற்கத் தவறும்போது பெற்றோர் முறையாகப் பயிற்றவில்லை எனக் கூறப்படுமாயின், பழைய குற்றச்சாட்டு புதிய வடிவில் திரும்பியதாகிவிடும். பெற்றோரின் பணிக்கு வல்லுநர் துணைநிற்பதும், பதிவுக்குக் குழந்தையின் கண்ணியத்தை எல்லையாக வகுப்பதும் இவ்வரலாறு உணர்த்தும் தேவைகளாகும்.