சலிக்க வந்தவர்கள்

முதியோருக்கான சமூகப் பணியில் இறங்கலாமா என்று யோசிக்கிறவர்கள், "நமக்குப் பொறுமை இருக்கா?" என்றுதான் முதலில் தங்களைக் கேட்டுக்கொள்கிறார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் இந்தத் தொழில் பிறந்த கதையைப் பார்த்தால் இன்னொரு கேள்வியும் வருகிறது: நாம யாருக்காக வேலை பார்க்கப் போகிறோம்?

இங்கிலாந்தை எடுத்துக்கொள்வோம். 1895-இல் லண்டன் ராயல் ஃப்ரீ மருத்துவமனையில் மேரி ஸ்டூவர்ட் என்ற பெண் 'ஆல்மனர்' பதவியில் சேர்ந்தார். அந்தச் சொல்லுக்குப் பழைய அர்த்தம் தர்மம் வழங்குபவர். பெயரைப் பார்த்து ஏமாந்துவிடாதீங்க! இலவச சிகிச்சைக்கு வருகிறவர்களில் காசு கொடுக்க வசதியுள்ளவர் யார் என்று சலித்தெடுப்பதுதான் அவருக்குத் தரப்பட்ட முக்கிய வேலை. ஆனால் சலிக்க வேண்டுமென்றால் விசாரிக்க வேண்டுமே. வாடகை எவ்வளவு, வீட்டில் யார் சம்பாதிக்கிறார்கள், சாப்பாட்டுக்கு என்ன வழி என்று கேட்கக் கேட்க, மருந்து மட்டும் தீர்க்காத கஷ்டங்கள் கண்ணில் பட்டன. மருத்துவமனை சமூகப் பணி என்ற தொழில் அந்த விசாரணையிலிருந்துதான் வளர்ந்தது.

முதியவர்களுக்கு நெடுங்காலம் இந்த விசாரணைகூடக் கிடைக்கவில்லை. ஆதரவற்ற ஏழை முதியவர்களின் கடைசிப் போக்கிடம் 'வொர்க்ஹவுஸ்'. 1909-இல் 70 வயதானவர்களுக்கு வாரம் 5 ஷில்லிங் வரை ஓய்வூதியம் வந்தது. சிலருக்கு அது மூச்சுவிட இடம் கொடுத்தது. நோயோடு படுத்தவர்களுக்கு அதே பழைய வார்டுகள்தான். 1935-இல் அப்படிப்பட்ட வார்டுகள் மார்ஜரி வாரன் என்ற மருத்துவரின் பொறுப்புக்கு வந்தன. வெஸ்ட் மிடில்செக்ஸ் மருத்துவமனையில் 714 நோயாளிகள். அவர் ஒவ்வொருவரையும் தனித்தனியாகப் பரிசோதித்தார். 'இனி எழமாட்டார்' என்று படுக்கையிலேயே விடப்பட்டிருந்த பலர் எழுந்து நடந்தார்கள், சிலர் வீடு திரும்பினார்கள். வீடு திரும்புவது என்றால் அங்கே யார் இருக்கிறார்கள் என்று பார்க்க ஒரு ஆள் வேணும் இல்லையா? முதியோர் மருத்துவத்தில் சமூகப் பணியாளருக்கு இடம் கிடைத்தது இப்படித்தான்.

1948-இல் ஏழைகள் சட்டம் ஒழிந்தது. ஆனால் கட்டடங்கள் ஒழியவில்லை. சமூகவியலாளர் பீட்டர் டவுன்செண்ட் 173 முதியோர் இல்லங்களை நேரில் போய்ப் பார்த்து, 1962-இல் வெளியிட்ட 'தி லாஸ்ட் ரெஃப்யூஜ்' நூலில், முதியவர்கள் இன்னமும் பழைய வொர்க்ஹவுஸ் கட்டடங்களில் வாழ்வதைக் காட்டினார். வீட்டிலேயே வைத்துக் கவனிக்கணும் என்ற குரல் மெல்ல வலுத்தது.

1990-இல் அதற்கான சட்டமும் வந்தது. முதியவருக்கு என்ன தேவை என்று மதிப்பிட்டு உதவிகளை ஏற்பாடு செய்யும் பொறுப்பு உள்ளாட்சிகளிடம் வந்தது. அந்த வேலை பெரும்பாலும் சமூகப் பணியாளர்கள் தலையில் விழுந்தது. பட்ஜெட்டுக்குள்தான் எல்லாம்! க்ளாஸ்டர்ஷயரில் தனியாக வசித்த ஒரு முதியவருக்குத் துணி துவைக்கவும் வீடு சுத்தம் செய்யவும் உதவி கிடைத்துவந்தது. 1994-இல் பணமில்லை என்று நிறுத்தினார்கள். வழக்கு பிரபுக்கள் சபை வரை போனது. தேவையை மதிப்பிடும்போது கையிருப்பையும் கணக்கில் எடுக்கலாம் என்று 1997-இல் மூன்றுக்கு இரண்டு என்ற கணக்கில் தீர்ப்பு வந்தது. அவர் உடல்நிலை தேறியதால் நின்ற உதவி இல்லை அது.

ஸ்டூவர்ட்டின் சல்லடை நூறு வருஷம் கழித்தும் கைமாறிக்கொண்டேதான் இருந்திருக்கிறது, பாருங்க. இதனால் இந்தத் தொழில் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. சலிக்கிறவர் அங்கே உட்கார்ந்து கேட்டதால்தானே அந்தக் கஷ்டங்கள் காகிதத்தில் ஏறின? இந்த வேலைக்குப் போகிறவர்கள் சேரும் முன்பே ஒன்றைக் கேட்டுத் தெரிந்துகொள்வது நல்லது: கொடுக்கப் பணமில்லாத தேவையையும் 'தேவை' என்றே எழுதிவைக்க அங்கே அனுமதி உண்டா?