ஃபை தீட்டா காப்பா: சமுதாயக் கல்லூரிகளின் ஹானர் சொசைட்டி

ஃபை தீட்டா காப்பா, அமெரிக்காவின் இரண்டாண்டுச் சமுதாயக் கல்லூரிகளில் சிறந்து படிக்கும் மாணவர்களுக்கான ஹானர் சொசைட்டி. உறுப்பினர்கள் பி.டி.கே. என்றே சுருக்கிச் சொல்வார்கள். 1918 நவம்பரில், முதல் உலகப்போர் ஓய்ந்த சில நாள்களில், மிசௌரி மாநிலத்தின் எட்டு மகளிர் ஜூனியர் கல்லூரிகளின் தலைவர்கள் கொலம்பியா நகரின் ஸ்டீபன்ஸ் கல்லூரியில் கூடி இதைத் தொடங்கினார்கள். 1929-ல் அமெரிக்க ஜூனியர் கல்லூரிகள் சங்கம், இரண்டாண்டுக் கல்லூரிகளின் அதிகாரபூர்வ ஹானர் சொசைட்டியாக இதை ஏற்றது. அறிவு, நாட்டம், தூய்மை என்று பொருள்படும் மூன்று கிரேக்கச் சொற்களின் முதலெழுத்துகளே பெயர். இன்று பல நாடுகளில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட கிளைகள் உள்ளன. தலைமையகம் மிசிசிப்பியின் ஜாக்சன் நகரில்.

இதற்கு முன்மாதிரி 1776-ல் வில்லியம் அண்ட் மேரி கல்லூரியில் பிறந்த ஃபை பீட்டா காப்பா. நான்காண்டுப் பட்டம் வழங்கும் கல்லூரிகளுக்கு மட்டுமே அதன் கதவு திறந்தது. 1901-ல் இல்லினாய் மாநிலத்தில் ஜோலியட் ஜூனியர் கல்லூரி தொடங்கியதிலிருந்து வளர்ந்த இரண்டாண்டுக் கல்லூரிகளின் மாணவர்கள் வேறு வகையினர். பகலில் கடையிலோ கிடங்கிலோ வேலை பார்த்துவிட்டு மாலையில் வகுப்புக்கு வருபவர்கள், பிள்ளை பெற்ற பிறகு படிப்பைத் தொடர்பவர்கள், ராணுவத்திலிருந்து திரும்பியவர்கள், குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரி வாசலை மிதிப்பவர்கள். இவர்களில் பலருக்குப் பள்ளி மதிப்பெண் பட்டியல் பெருமைப்படும்படி இருந்ததில்லை. பி.டி.கே.யிலிருந்து வரும் அழைப்புக் கடிதம்தான் தங்கள் படிப்பைப் பிறர் மெச்சியதற்கு அவர்கள் கையில் கிடைக்கும் முதல் சான்று. இந்த ஹானர் சொசைட்டியின் மதிப்பு இங்கேதான் இருக்கிறது.

சேர்வதற்கான பொது அளவு, 4-க்கு 3.5 தரப்புள்ளிச் சராசரி. அசோசியேட் பட்டத்துக்கான பாடங்களில் வழக்கமாக 12 கிரெடிட் மணி முடித்திருக்க வேண்டும். கிளைகள் இதில் சிறிது மாற்றம் செய்வதுண்டு. உறுப்பினர் கட்டணத்தை ஒருமுறை செலுத்தினால் போதும். மெழுகுவத்தி ஏற்றி உறுதிமொழி எடுக்கும் சேர்ப்பு விழாவுக்கு மாணவர்களின் பெற்றோரும் பிள்ளைகளும் வந்து உட்காருவார்கள். பட்டமளிப்பு நாளில் அங்கியின்மேல் பொன்னிறத் தோள்துண்டு அணியும் உரிமை உறுப்பினர்களுக்கு உண்டு.

புலமை, தலைமை, சேவை, தோழமை ஆகிய நான்கும் சங்கம் அறிவித்துள்ள தூண்கள். ஒரு கிளை உயிரோடு இயங்குகிறதா என்று பார்க்க அதன் இரண்டு பணிகளைக் கவனித்தால் போதும். ஒன்று ‘ஹானர்ஸ் இன் ஆக்‌ஷன்’. தலைமையகம் அறிவிக்கும் பொதுக் கருப்பொருளை ஒட்டி மாணவர்கள் ஒரு கேள்வியை எடுத்துக்கொண்டு, கட்டுரைகளையும் ஆய்வுகளையும் படித்து, அதிலிருந்து தங்கள் ஊருக்குப் பொருந்தும் ஒரு செயலை வகுத்து நடத்த வேண்டும். வெறுமனே ஒருநாள் குப்பை பொறுக்கிப் படம் எடுத்துக்கொள்வது இதில் சேராது. படித்ததற்கும் செய்ததற்கும் உள்ள தொடர்பை அறிக்கையில் காட்டியாக வேண்டும். மற்றொன்று கல்லூரித் திட்டம். கிளைப் பொறுப்பாளர்கள் கல்லூரித் தலைவரையே நேரில் சந்தித்து, நிர்வாகத்துக்கு எது தேவை என்று கேட்டு அதைச் செய்கிறார்கள். இடையில் படிப்பை விடுபவர்களின் எண்ணிக்கையைக் குறைக்க, பட்டம் முடிப்பேன் என்று மாணவர்களிடம் கையொப்பம் வாங்கும் இயக்கம் பல கல்லூரிகளில் இப்படித்தான் நடந்தது. இரு பணிகளின் அறிக்கைகளும் போட்டிக்குப் போகின்றன. ஆண்டு மாநாடான ‘கேட்டலிஸ்ட்’டில் விருதுகள் அறிவிக்கப்படும்.

இதற்கெல்லாம் பணம் வேண்டும். கல்லூரியின் மாணவர் நல நிதியிலிருந்து வரும் தொகை பெரும்பாலும் போதாது. மாநாட்டுக்குப் போகும் விமானக் கட்டணம், விடுதி வாடகை, சேர்ப்பு விழாச் செலவு எல்லாம் கிளையின் தலையில். ஆகவே நிதி திரட்டுவது ஆண்டு முழுக்க ஓயாத வேலை. வீட்டில் சுட்ட கேக், பிஸ்கட் விற்பது பழைய வழி. ‘கிரிஸ்பி க்ரீம்’ போன்ற நிறுவனங்களிடம் டோனட்டை டஜன் கணக்கில் சலுகை விலைக்கு வாங்கி, காலை வகுப்புக்கு ஓடுபவர்களிடம் விற்பது எளிய வழி. பழைய பாடநூல் விற்பனை, கார் கழுவுதல், தேர்வு வாரத்தில் நொறுக்குத் தீனிப் பொட்டலம் என்று பட்டியல் நீளும். குறிப்பிட்ட ஒரு மாலையில் கிளையின் பெயரைச் சொல்லிச் சாப்பிடுபவர்களின் பில் தொகையில் ஒரு பங்கை உணவகம் கிளைக்குத் தரும் ஏற்பாடும் பரவலாக உண்டு. முதலீடு இல்லை, மீந்துபோகும் சரக்கும் இல்லை என்பதால் பொருளாளர்களுக்கு இது பிடிக்கும்.

விற்கத் தொடங்கும் முன் அனுமதிகள் வாங்க வேண்டும். மாணவர் வாழ்வு அலுவலகத்தில் படிவம் கொடுக்க வேண்டும். வளாகத்தில் உணவு விற்கும் உரிமை ஒரே ஒப்பந்ததாரரிடம் இருந்தால் கேக் மேசைக்கே இடமிருக்காது. பரிசுச் சீட்டுக் குலுக்கலுக்கு மாநிலச் சட்டம் குறுக்கே நிற்கும். யூட்டா மாநிலத்தில் அதற்கு இடமே இல்லை. கலிஃபோர்னியாவில் அரசு தலைமை வழக்குரைஞர் அலுவலகத்தில் முன்பதிவு செய்வதோடு, வசூலில் 90 விழுக்காட்டை அறப்பணிக்கே செலவிட வேண்டும். வசூலான பணம் தனி ஒருவரின் வங்கிக் கணக்குக்குப் போகாமல் கல்லூரிக் கணக்கில் விழ வேண்டும் என்பது பொதுவான விதி. அதை எடுப்பதற்குக் கிளையின் வழிகாட்டி ஆசிரியரின் கையொப்பமும் தேவை. இருபது வயதில் இப்படி வரவு செலவு எழுதிப் பழகியவர், கணக்குப்பதிவியல் வகுப்பில் கிடைக்காத ஒன்றைக் கற்றுக்கொள்கிறார்.

வெளியாருக்காகத் திரட்டும் பணத்துக்குப் பேர்போன எடுத்துக்காட்டு ‘ரிலே ஃபார் லைஃப்’. 1985-ல் வாஷிங்டன் மாநிலத்தின் டகோமாவில் கோர்டி கிளாட் என்ற அறுவை மருத்துவர் ஓடுதளத்தை 24 மணி நேரம் சுற்றி, 83 மைல் கடந்து, அமெரிக்கப் புற்றுநோய்ச் சங்கத்துக்காக 27,000 டாலர் திரட்டினார். பின்னர் அது அணி அணியாக இரவு முழுக்க நடக்கும் நிகழ்ச்சியாக வளர்ந்தது. பி.டி.கே. கிளைகள் அதில் கூடாரம் போட்டு நடந்திருக்கின்றன. வளாக உணவு வங்கிக்குப் பொருள் சேர்ப்பது இன்னொரு வழக்கமான பணி. அந்த வங்கியின் அலமாரியிலிருந்து பொருள் எடுத்துப்போகிறவரும் அதை நிரப்புகிறவரும் பல வேளைகளில் ஒரே வகுப்பில் அடுத்தடுத்து உட்காருபவர்கள்.

உறுப்பினர் ஆவதால் வரும் நேரடிப் பலன் கல்வி உதவித்தொகை. சமுதாயக் கல்லூரியில் இரண்டாண்டு முடித்து மூன்றாமாண்டில் சேர வரும் பி.டி.கே. மாணவர்களுக்கென்றே நூற்றுக்கணக்கான பல்கலைக்கழகங்கள் தொகை ஒதுக்குகின்றன. கொக்கோகோலா அறக்கட்டளையின் பணத்தில் ஆண்டுதோறும் தேர்வாகும் மாணவர் அணியில் தங்கம், வெள்ளி, வெண்கலம் என ஐம்பது ஐம்பது பேர். தங்க நிலைக்கு 1,500 டாலர், வெள்ளிக்கு 1,250, வெண்கலத்துக்கு 1,000.

கட்டணம் வாங்கிக்கொண்டு கௌரவம் தருவது சரியா என்ற கேள்வி உண்டு. அது நியாயமான கேள்விதான். அமெரிக்காவில் பணம் வசூலிப்பதற்காகவே கடிதம் அனுப்பும் பெயரளவுச் சங்கங்களும் இருப்பதால், உண்மையான அழைப்பையும் மாணவர்கள் சந்தேகப்பட்டுக் கிழித்துப் போடுகிறார்கள். பி.டி.கே. அப்படிப்பட்டதல்ல. ஆனால் மதிப்பெண் இருந்தும் கட்டணம் செலுத்த முடியாமல் ஒருவர் நின்றுவிட்டால், இரண்டாண்டுக் கல்லூரிக்காகவே பிறந்த சங்கம் தன் நோக்கத்தில் தவறுகிறது. நல்ல கிளைகள் இதை உணர்ந்து, திரட்டிய நிதியில் ஒரு பகுதியைப் புது உறுப்பினர்களின் கட்டணத்துக்கென ஒதுக்குகின்றன. டோனட் விற்ற பணத்துக்கு இதைவிடச் சிறந்த செலவு வேறில்லை. மாநாட்டுப் பயணம்கூட இதற்குப் பிறகுதான்.

கிளைகளை அலைக்கழிக்கும் சிக்கல் ஆள் மாற்றம். நான்காண்டுக் கல்லூரியில் ஒரு செயலாளர் மூன்று ஆண்டு நின்று வேலை கற்பார். இங்கே பொறுப்பேற்று ஓராண்டு ஆவதற்குள் பட்டமளிப்பு வந்துவிடும். சில வேளை வேலை நேரம் மாறியதால் பாதியிலேயே விலகுவார்கள். எந்த உணவகம் எத்தனை விழுக்காடு தந்தது, எந்த அலுவலகத்தில் யாரிடம் படிவம் கொடுக்க வேண்டும் என்பதெல்லாம் அவர்களோடு போய்விடும். அதனால் வழிகாட்டி ஆசிரியர்கள் வசந்தப் பருவத்திலேயே அடுத்த பொறுப்பாளர்களைத் தேர்ந்தெடுக்கச் செய்து, பழையவர்களோடு சில வாரம் சேர்ந்து வேலை பார்க்க வைக்கிறார்கள். கணக்கேடு, அனுமதிப் படிவங்கள், சென்ற ஆண்டின் போட்டி அறிக்கை ஆகியவை அடங்கிய கோப்பு கோடை விடுமுறைக்கு முன் கைமாறுகிறது.