கறுப்புத் திரை – 9: விடிகாலை ஐந்து மணி

கிட்லாப் நிறுவனத்தின் பிரதான டேட்டாபேஸ் சர்வரான டிபி1-இல் சுமை எகிறியது. அதன் நகலான டிபி2 பின்தங்கியது. பிடித்துக்கொள்ளத் தேவையான, மாற்றங்களைக் குறித்துவைக்கும் வால் (WAL) பதிவுகளோ டிபி1-இல் அதற்குள் அழிந்துவிட்டன. நகலை முதலிலிருந்து எடுத்தே ஆகவேண்டும் என்ற இடத்தில் சென்ற வாரம் நின்றோம்.

பெங்களூரு வைட்ஃபீல்டில் அப்போது 2017 பிப்ரவரி 1, விடிகாலை நாலரை. இன்னும் சில மணி நேரத்தில் ஹோப் ஃபார்ம் சிக்னலில் வண்டிகள் முட்டி நிற்கும். ஐ.டி.பி.எல். பக்கம் போய் லேப்டாப்பைத் திறப்பவர்களில் கிட்லாப்.காமை நம்பி மென்பொருள் நிரலை வைத்திருப்பவர்களும் உண்டு.

பொறியாளர் டிபி2-இல் நகலெடுக்கும் பிஜி_பேஸ்பேக்கப் கட்டளையைத் தட்டினார். மேக்ஸ்_வால்_செண்டர்ஸ் போதவில்லை என்றது. டிபி1-இல் அதை 32 ஆக்கி ரீஸ்டார்ட் செய்தால், செமஃபோர் போதாதென்று போஸ்ட்கிரெஸ் எழவே மறுத்தது. மேக்ஸ்_கனெக்‌ஷன்ஸ் 8000 என்று இருந்ததுதான் காரணம். ஏறக்குறைய ஓராண்டாகச் சிக்கலில்லாமல் ஓடிய எண் என்பதால் யாரும் அதைச் சீண்டவில்லை. 2000 ஆகக் குறைத்ததும் டிபி1 எழுந்தது.

மறுபடி பேஸ்பேக்கப். இம்முறை பிழைச் செய்திகூட இல்லை. திரை அப்படியே நின்றது. அது கெட்டுப்போகவில்லை. டிபி1 தரவை அனுப்பத் தொடங்கும்வரை வாய்திறக்காமல் காத்திருப்பது அந்தக் கட்டளையின் வழக்கம். கிட்லாபின் ரன்புக்கில் அந்த விவரம் இல்லை. முந்தைய முயற்சிகளில் டிபி2-இல் உருவாகிக் கிடக்கும் டைரக்டரிதான் தடையோ என்று பொறியாளருக்குச் சந்தேகம். அழித்துவிட்டால் போயிற்று.

ஆர்எம் மைனஸ் ஆர்எஃப். என்டர்.

ஓரிரு நொடியில் உறைத்தது: அவர் நின்றது டிபி1-இல். பதறி நிறுத்தியபோது சுமார் 300 ஜி.பி.யில் மிஞ்சியது 4.5.

பேக்கப் இருக்கிறதே! தினமும் பிஜி_டம்ப் ஓடி எஸ்3-இல் சேரவேண்டும். திறந்து பார்த்தால் காலி. டேட்டாபேஸ் 9.6, டம்ப் எடுத்த நிரல் 9.2, பதிப்பு பொருந்தாமல் ஒவ்வொரு முறையும் விழுந்திருக்கிறது. அதைச் சொல்லும் மின்னஞ்சல்களும் புறப்பட்டிருக்கின்றன. டிமார்க் சரிபார்ப்பில் தேறவில்லையென்று அவை வாசலிலேயே திருப்பப்பட்டன. ஒரு கை தவறியதை மன்னித்துவிடலாம். இந்தத் தபால் போய்ச்சேராததைத்தான் என்னால் விடமுடியவில்லை. அஷூரின் டிஸ்க் ஸ்நாப்ஷாட்? டேட்டாபேஸ் சர்வர்களுக்கு அதைப் போட்டுவைக்கவே இல்லை.

மிச்சமிருந்தது ஒன்றுதான். நம்மூர் நேரப்படி முந்தின இரவு 10.50-க்கு, வேறொரு சோதனைக்காக அதே பொறியாளர் டிபி1-ஐ எல்விஎம் ஸ்நாப்ஷாட் எடுத்து ஸ்டேஜிங் (சோதனை) சர்வரில் ஏற்றியிருந்தார். வழக்கமான ஸ்நாப்ஷாட் நாளுக்கு ஒருமுறைதான். இது அவர் கையால் எடுத்தது. அதற்குப் பிறகு உலகெங்கிலுமிருந்து டேட்டாபேஸில் பதிவானவை போனது போனதுதான்.

ஆனால் அந்த நகல் கிடந்ததோ ஸ்டேஜிங்கின் மந்தமான டிஸ்க்கில். அங்கிருந்து எப்போது வந்து சேரும்? கிட்லாப் அடுத்து நிறுவனங்கள் எளிதில் செய்யத் துணியாத காரியத்தைச் செய்தது: யூட்யூப் நேரலையைத் திறந்துவிட்டு, முழு உலகும் பார்க்கக் காப்பியைத் தொடங்கியது.

(தொடரும்)