ஃபல்ஸஃபா எங்கே போனது?

கிரேக்கத்தில் அது ஒரு கூட்டுச்சொல். 'ஃபிலோ' என்றால் நேசம், 'சோஃபியா' என்றால் ஞானம். அரபுக்குள் வந்ததும் ஒட்டு தெரியாமல் கரைந்து 'ஃபல்ஸஃபா' ஆயிற்று. அதைச் செய்பவர் ஃபைலஸூஃப். அதோடு நிற்காமல் 'தஃபல்ஸஃப' என்று வினையும் பிறந்தது. இரவல் சொல் வினையாகிவிட்டால் வீட்டுப்பிள்ளை ஆகிவிட்டது என்று பொருள். ஆனால் இந்தப் பிள்ளையை வீட்டார் முழு மனத்தோடு ஏற்றதே இல்லை. இன்றும் அரபுப் பேச்சில் யாராவது நீட்டி முழக்கினால் 'ஃபல்ஸஃபா வேண்டாம்' என்பார்கள். நாம் 'தத்துவம் பேசாதே' என்கிறோமே, அதே தொனி.

762இல் எழுந்த பாக்தாதில், அப்பாஸிய கலீஃபாக்களின் ஆதரவில், கிரேக்க நூல்கள் அரபுக்கு வந்தன. பல நூல்கள் நேராக வரவில்லை; சிரியாக் மொழி வழியாக வந்தன. மொழிபெயர்த்தவர்களில் பெரும்பாலோர் சிரியாக் கிறிஸ்தவர்கள். அவர்களில் முதன்மையானவர் ஹுனைன் இப்னு இஸ்ஹாக். கிரேக்க மருத்துவர் கேலனின் நூல் ஒன்றைத் தேடி மெசபடோமியா, சிரியா, பாலஸ்தீனம் என்று அலைந்து அலெக்சாந்திரியா வரை போனவர். கடைசியில் கிடைத்தது டமாஸ்கஸில், அதுவும் பாதிதான்.

'அரபுகளின் ஃபைலஸூஃப்' என்று பெயர் பெற்றவர் அல் கிந்தி. அவருக்கு அடுத்த நூற்றாண்டில் வந்த அல் ஃபாராபிதான் சொற்களோடு உண்மையாகவே மல்லுக்கட்டியவர். தமிழில் 'இவர் ஆசிரியர்' என்றால் வாக்கியம் முடிந்தது; நடுவில் வினை தேவையில்லை. அரபிலும் அப்படித்தான். ஆனால் அரிஸ்டாட்டிலின் மெய்யியலே 'இருக்கிறது' என்ற வினையைச் சுற்றித்தான் ஓடுகிறது. சிலர் 'அவன்' என்ற பொருளுள்ள 'ஹுவ'விலிருந்து 'ஹுவிய்யா' என்று ஒரு சொல்லை வடித்தார்கள். வேறு சிலர் 'மவ்ஜூத்' என்றார்கள்; அதன் நேர்ப்பொருள் 'கண்டெடுக்கப்பட்டது'. கண்டெடுத்தவர் யார் என்று கேட்டுவிடாதீர்கள், இங்கே அந்தப் பொருளை மறந்துவிட வேண்டும் என்று ஃபாராபி 'எழுத்துகள் நூலில்' விளக்க வேண்டியிருந்தது.

இலக்கண ஆசிரியர்கள் சும்மா விடுவார்களா? பாக்தாதில் ஒரு வஸீரின் சபையில் அல் ஸீராஃபி என்ற இலக்கணக்காரர், அபூ பிஷ்ர் மத்தா என்ற தர்க்கவாதியை மடக்கினார். உங்கள் தர்க்கம் என்பது கிரேக்க மொழியின் இலக்கணம், அது எங்களுக்கு எதற்கு என்பது அவர் கேள்வியின் சாரம். அன்றைய சபையில் மத்தா தோற்றார். ஆனால் அவருடைய துறை தோற்கவில்லை.

அதற்குச் சாட்சி இப்னு சீனா (980–1037). அரிஸ்டாட்டிலின் 'மெட்டாஃபிஸிக்ஸை' நாற்பது முறை படித்தும் புரியவில்லை என்றும், கடைத்தெருவில் மூன்று திர்ஹமுக்கு வாங்கிய ஃபாராபியின் சிறு நூலால் திறந்துகொண்டது என்றும் அவரே எழுதியிருக்கிறார். 'மா ஹிய', அதாவது 'அது என்ன?' என்ற கேள்வியிலிருந்து வந்த 'மாஹிய்யா' என்ற சொல்லை அவர் கூர்தீட்டினார். ஒரு பொருள் என்ன என்று தெரிவதால் அது உண்டு என்று ஆகிவிடாது. உண்டாவதற்கு வேறொரு காரணம் வேண்டும். அந்தக் காரணங்களின் தொடர், காரணமே தேவைப்படாத ஒன்றில், தன்னாலேயே உள்ளதில், போய் நிற்க வேண்டும். இறைவனைப் பற்றிய பேச்சை இந்தப் பாகுபாடு நிரந்தரமாக மாற்றியது. அவரை மறுத்தவர்களும் அவருடைய சொற்களைக் கொண்டுதான் மறுத்தார்கள்.

மறுத்தவர்களில் பெரியவர் இமாம் கஸ்ஸாலி. 1095இல் அவர் முடித்த நூலின் பெயர் 'தஹாஃபுத்துல் ஃபலாஸிஃபா', அதாவது 'ஃபைலஸூஃப்களின் தடுமாற்றம்'. தாக்குதல் அந்த ஆட்களின் மீது, துறையின் மீது அல்ல என்பதைத் தலைப்பே சொல்கிறது. இருபது கேள்விகளில் மூன்றுக்கு மட்டுமே அவர் இறைமறுப்பு என்று தீர்ப்பளித்தார்: உலகம் தொடக்கமற்றது, இறைவனின் அறிவு பொதுமைகளை மட்டுமே எட்டும், உடல்கள் மீண்டும் எழுப்பப்படா. தர்க்கத்தை அவர் தொடவில்லை. தர்க்கம் தெரியாதவரின் அறிவை நம்பமுடியாது என்று பின்னாளில் சட்டவியல் நூலின் முகப்பிலேயே எழுதினார். குர்துபாவின் இப்னு ருஷ்து அதற்கு ஒரு பதில் நூல் எழுதினார்; அரிஸ்டாட்டிலுக்கு அவர் எழுதிய உரைகளை ஐரோப்பா விரும்பிப் படித்தது. அவர் 1198இல் மறைந்தார்; அதோடு இஸ்லாமிய மெய்யியலும் முடிந்தது என்று பாடநூல்கள் வெகுகாலம் ஒப்பித்தன.

சொல்லைத் தேடியவர்களுக்குத்தான் அப்படித் தெரிந்தது. வாடை மாறிப்போன 'ஃபல்ஸஃபா'வை ஒதுக்கிவிட்டு, திருக்குர்ஆனிலேயே உள்ள 'ஹிக்மத்' என்ற சொல்லை மெய்யியலாளர்கள் கைக்கொண்டார்கள். அதுவும் புதிய சொல் அல்ல, முன்னமே புழங்கியதுதான். இப்போது முன்னுக்கு வந்தது. 1191இல் அலெப்போவில் கொல்லப்பட்ட சுஹ்ரவர்தி தன் ஒளித் தத்துவத்துக்கு 'ஹிக்மத்துல் இஷ்ராக்' என்று பெயரிட்டார். ஷீராஸின் முல்லா சத்ரா 17ஆம் நூற்றாண்டில் தன்னுடையதை 'உயர்ந்த ஹிக்மத்' என்றார். மெய்யியல் கற்றவர்களே மருத்துவமும் பார்த்ததால் 'ஹக்கீம்' இரண்டு வேலைக்கும் பொதுவானது. நம் ஊர் யுனானி வைத்தியரிடம் மருத்துவம் மட்டும் தங்கிவிட்டது.

அல் அப்ஹரியின் 'ஹிதாயத்துல் ஹிக்மா'வுக்கு முல்லா சத்ரா எழுதிய உரை, இந்திய மதரஸாக்களில் வெறுமனே 'சத்ரா' என்ற பெயரில் பாடமாயிற்று. அந்தப் பாடத்திட்டத்தை வகுத்தவர் லக்னோ ஃபரங்கி மஹலின் முல்லா நிஜாமுத்தீன். 'பஹ்ருல் உலூம்', அறிவுக்கடல், என்று புகழப்பட்ட அவர் மகன் அப்துல் அலி தன் கடைசிக் காலத்தில் சென்னைக்கு வந்து பாடம் சொன்னார். 1810இல் மறைந்த அவர் அடங்கியிருப்பது திருவல்லிக்கேணி வாலாஜா பள்ளிவாசலில். 'சத்ரா'வுக்கு அவர் எழுதிய விளக்கக் குறிப்புகளும் உண்டு.