மூணு பார்: பெட்ரோலோட அழுத்தத்தை அளந்த கதை

இந்த எபிசோடோட முதல் பத்து நிமிஷத்தை நான் பதிவு பண்ணது ஒரு லோடு வண்டிக்குள்ள உட்கார்ந்து. பின்னாடி முழுக்க பலாப்பழம். முன்கண்ணாடிக்கு வெளியே, வைப்பருக்கு அடியில, ஒரு பிரஷர் கேஜை டேப் போட்டு ஒட்டியிருந்தோம். அதுல இருந்து ஒரு ஹோஸ் இறங்கி சீட்டுக்கு அடியில இருக்கிற இன்ஜினுக்குப் போகுது. வண்டி ஓட்டினது என் தாய்மாமா. நான் பக்கத்துல உட்கார்ந்து அந்த முள்ளை வீடியோ எடுத்துக்கிட்டிருந்தேன். ஆடியோவில காத்து இரைச்சல்தான் அதிகம், அதனால அதை வெட்டிட்டேன். எழுத்து வடிவத்துல படிக்கிற உங்களுக்கு அந்தத் தொல்லை இல்ல.

இடம் வல்லத்திராக்கோட்டை, புதுக்கோட்டை மாவட்டம். அம்மாவோட ஊர். மாமா வடகாடு, கீரமங்கலம் பக்கம் பலா, வாழை, பூ எல்லாம் ஏத்தி இறக்குறவர். அவரோட வண்டி பெட்ரோல் வண்டி, எலெக்ட்ரானிக் இன்ஜெக்ஷன் வந்த பிறகு வாங்கினது. போன சீசன்ல அதுக்கு ஒரு வியாதி வந்துச்சு. காலியா ஓடினா ஒரு குறையும் இல்ல. லோடு ஏத்தி ஏத்தத்துல மிதிச்சா இழுக்காது, திணறும், மஞ்சள் விளக்கு எரியும். டவுன்ல ஒரு ஒர்க்‌ஷாப்ல ஸ்கேனர் போட்டுப் பார்த்தாங்க. 'பி0171'னு ஒரு கோடு வந்துச்சு. காத்து அதிகம், பெட்ரோல் கம்மின்னு அர்த்தம். ஆக்சிஜன் சென்சார் மாத்தினாங்க. அடுத்த வாரம் ஸ்பார்க் பிளக். அதுக்கடுத்து இக்னிஷன் காயில். பதினாலாயிரம் ரூபாய் போச்சு, வியாதி போகல. பலா சீசன் மொத்தமே சில மாசம்தான், அதுல மூணு வாரம் வண்டி நின்னா அந்த வருஷக் கணக்கே மாறிடும்.

"மாப்ள, கம்ப்யூட்டர் சொன்னதைத்தானே மாத்துனாங்க, அப்புறம் ஏன்?"னு மாமா போன்ல கேட்டார். சாஃப்ட்வேர் ஆள்தானே, எனக்குத் தெரியும்னு அவருக்கு ஒரு நம்பிக்கை. எனக்குத் தெரியல. தேடப் போனேன். அந்தத் தேடல்தான் இந்த எபிசோட்.

முதல்ல, பெட்ரோலுக்கு எதுக்கு அழுத்தம்? ஆரம்பத்துல தேவையே இல்ல. ஃபோர்டோட மாடல் டி காரில டேங்க் சீட்டுக்கு அடியில இருந்துச்சு. பெட்ரோல் தானா வழிஞ்சு கார்புரேட்டருக்கு வரும், நம்ம வீட்டு மாடித் தொட்டியிலிருந்து குழாய்க்குத் தண்ணி வர்ற மாதிரி. டேங்க்ல பெட்ரோல் கம்மியா இருக்கும்போது செங்குத்தான மேட்டுல ஏறினா, டேங்க் தாழ்ந்துடும், கார்புரேட்டர் உயர்ந்துடும், இன்ஜின் நின்னுடும். அதனால மேட்டை ரிவர்ஸ்ல ஏறுவாங்க. இதைப் படிச்சப்போ நான் சிரிச்சேன், ஆனா பழுது பார்க்கிறதுக்கு இதைவிட நல்ல காலம் கிடையாது. பெட்ரோல் வருதா இல்லையாங்கிறதைக் கண்ணாலேயே பார்த்துடலாம்.

நம்ம பக்கத்துக் கதையில பெட்ரோலே இல்லாத காலமும் ஒண்ணு இருக்கு. மதுரையில பஸ் ஓட்டத் தொடங்கின டி.வி.சுந்தரம் அய்யங்காரோட கம்பெனி, இரண்டாம் உலகப்போர்ல பெட்ரோல் தட்டுப்பாடு வந்தப்போ 'டி.வி.எஸ். கேஸ் பிளான்ட்' செஞ்சு வித்துச்சு. கரியை எரிச்சு வர்ற வாயுவுல பஸ் ஓடும். அங்கே எதையும் அழுத்தி அனுப்புறது இல்ல, இன்ஜின் தானே உறிஞ்சிக்கும். வழியில எங்கயாவது சாம்பல் அடைச்சா வண்டி இழுக்காது. எங்க மாமா வண்டியோட அதே வியாதி!

அடுத்தது மெக்கானிக்கல் பம்ப். டேங்க் பின்னாடி, தாழ்வா போனதும், பெட்ரோலை மேல தூக்க ஒரு சின்ன டயாஃப்ரம் பம்பை இன்ஜின்லயே பொருத்தினாங்க. பிரீமியர் பத்மினி, அப்புறம் 1983 டிசம்பர்ல வந்த மாருதி 800, எல்லாம் இந்த வகைதான். அழுத்தம் ரொம்பக் கம்மி, இந்த வகைப் பம்புகளுக்குப் பொதுவா 3 முதல் 6 பிஎஸ்ஐ. பைக் டயர்ல நாம அடிக்கிற காத்தே 30 பிஎஸ்ஐக்குக் கிட்ட வரும், அதோட ஒப்பிட்டுப் பாருங்க. கம்மியா இருந்தாலே போதும், ஏன்னா கார்புரேட்டர்ல ஒரு மிதவை இருக்கு, தேவையானதை அது அளந்து வெச்சுக்கும். பம்ப் கொஞ்சம் முன்னபின்ன இருந்தாலும் வண்டி ஓடும்.

அதனாலதான் அந்தத் தலைமுறை மெக்கானிக்குகளுக்குக் கேஜ் தேவைப்படல. ஹோஸைக் கழட்டி ஒரு பாட்டில்ல விட்டு, செல்ஃப் அடிச்சா பெட்ரோல் 'சர்க் சர்க்'னு பீச்சுதான்னு பார்ப்பாங்க. வெயில்ல பெட்ரோல் குழாய்க்குள்ளேயே ஆவியாகி வண்டி நின்னா, பம்ப் மேல ஈரத்துணி போடுவாங்க. சித்திரை வெயில்ல அம்பாசடர் பானெட்டைத் திறந்து ஈரத்துணி போட்ட கதை உங்க தாத்தாகிட்டயும் ஒண்ணு இருக்கும், கேட்டுப் பாருங்க.

டீசல் பக்கம் கதை வேற. டீசல் இன்ஜினுக்கு முதல் நாள்லேர்ந்தே அழுத்தம்தான் உயிர். ருடால்ஃப் டீசலோட 1897 இன்ஜின்ல அழுத்தின காத்தால எரிபொருளை ஊதி உள்ளே தள்ளினாங்க. அதுக்குத் தனியா பெரிய கம்ப்ரஸர் வேணும், லாரியில வைக்க முடியாது. பாஷ் கம்பெனி 1927ல இன்ஜெக்ஷன் பம்பை மொத்தமா உற்பத்தி பண்ண ஆரம்பிச்ச பிறகுதான் டீசல் ரோட்டுல பரவலாச்சு. இந்தியாவுல 1951ல தொடங்கின மைக்கோ, பாஷ் லைசென்ஸ்ல இந்தப் பம்புகளைச் செஞ்சுச்சு. நம்ம ஊர்ல வயலுக்குத் தண்ணி இறைச்ச ஆயில் இன்ஜினும், ரோட்டுல போன லாரியும் ஓடினது இந்த மாதிரிப் பம்பும் நாசிலும் வெச்சுத்தான்.

இங்கேதான் சின்ன ஊர்களுக்கு அழுத்தத்தை அளக்கிற கருவி வருது. டீசல் பம்ப் சர்வீஸ் கடைகள்ல ஒரு கைப்பிடி, ஒரு வட்டக் கேஜ், கீழே நாசில் மாட்டுற இடம், இவ்வளவுதான் நாசில் டெஸ்டர். கைப்பிடியை அழுத்த அழுத்த முள் ஏறும். இன்ஜினுக்கு இன்ஜின் மாறும், ஆனா 200 பார் பக்கத்துல நாசில் திறந்து புகை மாதிரி அடிக்கணும். சொட்டினா வேலைக்காகாது. அந்த வட்டக் கேஜுக்குள்ள இருக்கிறது 1849ல பாரிஸ்ல யூஜின் போர்டான் காப்புரிமை வாங்கின ஒரு வளைஞ்ச குழாய். அழுத்தம் ஏறினா குழாய் நிமிரப் பார்க்கும், அது முள்ளைத் தள்ளும். நீராவி பாய்லருக்காக வந்த பொருள். 170 வருஷத்துக்கு மேல ஆச்சு, மாமா வண்டிக் கண்ணாடியில ஒட்டியிருந்ததும் அதேதான். எங்க ஃபீல்டுல ஆறு மாசம் தாங்குற ஃப்ரேம்வொர்க்கே அபூர்வம்.

சரி, பெட்ரோல் வண்டிக்கு அழுத்தம் எப்ப முக்கியமாச்சு? 1967ல. பாஷோட டி-ஜெட்ரானிக், ஃபோக்ஸ்வாகன் 1600ல வந்துச்சு. மிதவை கிடையாது. மின்சாரத்துல திறந்து மூடுற இன்ஜெக்டர், எத்தனை மில்லிசெகண்ட் திறக்கணும்னு முடிவு பண்ற ஒரு கண்ட்ரோல் யூனிட். பேர்ல இருக்கிற 'டி' ஜெர்மன்ல அழுத்தத்தைக் குறிக்கும். ஆனா அது பெட்ரோலோட அழுத்தம் இல்ல, இன்ஜினுக்குள்ள போற காத்தோட அழுத்தம். அந்தப் பெட்டி காத்தை அளந்துச்சு, பெட்ரோலை அளக்கல.

இதை நான் ரெண்டு தடவை படிச்சேன். பெட்ரோல் அழுத்தம் எப்பவும் ஒரே அளவுல இருக்கும்னு வெச்சுக்கிட்டுத்தான் அந்த மில்லிசெகண்ட் கணக்கே. அதை அப்படியே நிறுத்தி வைக்கிறது ரெகுலேட்டர்னு ஒரு சின்ன உறுப்போட வேலை. நம்ம ஊர்ல ஓடுற பெரும்பாலான எம்பிஎஃப்ஐ பெட்ரோல் வண்டிகளும் இன்னைக்கும் இப்படித்தான். ஏறக்குறைய 3 பார், அதாவது 43 பிஎஸ்ஐ. அதை அளக்க வண்டியில சென்சார் கிடையாது. புரோகிராமர் பாஷையில சொன்னா, கோடுல ஒரு எண்ணை நேரடியா எழுதி வெச்சுட்டு, அது நிஜமான்னு ஒரு தடவைகூட சரிபார்க்காத மாதிரி.

அந்த எண் தப்பாயிட்டா? இன்ஜெக்டர் வழியா போற பெட்ரோல் அழுத்தத்தோட வர்க்கமூலத்தைப் பொறுத்தது. 3 பார் 2 பாரா இறங்கினா, அதே மில்லிசெகண்டுக்கு கிட்டத்தட்ட 18 சதவீதம் பெட்ரோல் குறையும். புகைக்குழாயில இருக்கிற ஆக்சிஜன் சென்சார் "பெட்ரோல் பத்தல"ன்னு சரியாத்தான் சொல்லும். கம்ப்யூட்டருக்கு ஏன்னு தெரியாது. கோடு மட்டும் போடும். மாமா வண்டியில நடந்தது இதுதான். உண்மையைச் சொன்ன தூதனைத் தூக்கிட்டுப் புதுத் தூதனைப் போட்டாங்க. அவனும் அதையே சொன்னான்.

இந்த மாற்றம் நம்ம ஊருக்கு வந்தது சட்டம் வழியா. டெல்லி காத்து மாசு வழக்குல 1999ல உச்ச நீதிமன்றம் போட்ட உத்தரவு கார்புரேட்டர் கார்களோட காலத்தை முடிக்க ஆரம்பிச்சுது. பைக்குகளுக்கு 2020 ஏப்ரல் 1, பிஎஸ்-6. அதுக்கப்புறம் ஷோரூம்ல பெரும்பாலும் இன்ஜெக்ஷன் பைக்தான். டேங்குக்குள்ள மின்சாரப் பம்ப், சுமார் 3 பார். ஹோஸைக் கழட்டி 'சர்க் சர்க்' பார்க்கிற வித்தை இதுல ஆபத்து. சூடான இன்ஜின் மேல பெட்ரோல் பீச்சி அடிக்கும். டீசல்ல இன்னும் மோசம். பழைய லாரி மெக்கானிக் நாசில் பைப்பைத் தொட்டு, நாடி பார்க்கிற மாதிரி துடிப்பு பார்ப்பார். இப்ப காமன் ரெயில்ல ஆயிரம் பாருக்கு மேல. ஓடும்போது யூனியன் நட்டைத் தளர்த்தினா டீசல் தோலைத் துளைச்சு உள்ளே போயிடும். தயவுசெஞ்சு பண்ணாதீங்க.

வல்லத்திராக்கோட்டைக்குத் திரும்புவோம். மாமா கடைசியா போனது முப்பது வருஷமா கார்புரேட்டர் பார்த்த ஒரு மெக்கானிக்கிட்ட. பேர் வேண்டாம்னு சொல்லிட்டார், அதனால அண்ணன்னே சொல்றேன். "தம்பி, ஸ்கேனர் வாங்க எனக்கு வசதியில்ல. இது இருக்கு"ன்னு காட்டினார். ஆன்லைன்ல ரெண்டாயிரம் ரூபாய்க்குள்ள வாங்கின கேஜ் செட்.

முதல்ல பம்ப் ஃபியூஸைப் பிடுங்கி, இன்ஜின் தானா நிக்கிற வரைக்கும் ஓடவிட்டார், லைன்ல இருக்கிற அழுத்தம் இறங்க. துணியைச் சுத்திக்கிட்டு லைனைக் கழட்டி நடுவுல ஒரு 'டி' மாட்டினார். சாவியைத் திருப்பினா பம்ப் ரெண்டு செகண்ட் முனகும், முள் 3 பார். ஐடிலிங்லயும் 3. ஆஃப் பண்ணி டீ குடிச்சிட்டு வந்தோம், முள் லேசா இறங்கி அப்படியே நின்னுச்சு. நிக்காம விழுந்திருந்தா இன்ஜெக்டர் ஒழுகுது, இல்ல பம்போட வால்வு பிடிக்கலைன்னு அர்த்தம். சூட்டுல ஸ்டார்ட் ஆகாத வண்டிக்கு அது பெரிய துப்பு.

நான் "எல்லாம் சரியாத்தானே இருக்கு அண்ணே"ன்னேன். "நின்ன வண்டிக்கு என்ன வேலை? லோடு ஏத்துங்க"ன்னார். அப்படித்தான் பலாப்பழமும் கண்ணாடியில கேஜும். நல்லா இறுக்கி, ஒழுகலைன்னு ரெண்டு தடவை பார்த்துட்டுத்தான் விட்டார். ஏத்தத்துல மாமா மிதிச்சதும் முள் 2.5க்கு வந்துச்சு, அப்புறம் 2, அப்புறம் ஒண்ணே முக்கால். வண்டி திணறின அதே நொடி. டேங்கைக் கழட்டினா பம்ப் வாயில இருக்கிற சல்லடை முழுக்க சேறு மாதிரி அப்பியிருக்கு. கொஞ்சமா குடிக்கும்போது தெரியல, நிறைய உறிஞ்சும்போது மூச்சு முட்டுது. சல்லடை மாத்தின செலவு, கூலியோட சேர்த்து, போன பணத்துல பத்துல ஒரு பங்குகூட இல்ல.

டவுன் ஒர்க்‌ஷாப் ஏமாத்துச்சுன்னு நான் நினைக்கல. ஸ்கேனர் இருக்கிறவங்க ஸ்கேனர் சொல்றதைக் கேட்டாங்க. அண்ணனோட பிரச்சினை வேற. கேஜ் கிடைக்குது, ஆனா முள் எங்கே நிக்கணும்னு யார் சொல்றது? அந்த எண் இருக்கிறது கம்பெனி சர்வீஸ் மேனுவல்ல. 2014 ஆகஸ்ட்ல இந்தியப் போட்டி ஆணையம், ஷம்ஷேர் கட்டாரியாங்கிறவர் கொடுத்த புகார்ல, 14 கார் கம்பெனிகளுக்கு 2,544 கோடி ரூபாய் அபராதம் போட்டுச்சு. வெளி மெக்கானிக்குகளுக்கு உதிரி பாகமும் பழுது பார்க்கிற கருவியும் கிடைக்கவிடலைங்கிறதுக்காக. மேல்முறையீடு, கோர்ட்டுன்னு அது நீண்டுச்சு. 2022 டிசம்பர்ல மத்திய அரசு 'பழுது பார்க்கும் உரிமை'க்கு ஒரு போர்ட்டல் திறந்துச்சு, வாகனங்களும் அதுல ஒரு பிரிவு. நான் அண்ணன் கடையில உட்கார்ந்தே போன்ல அதைத் திறந்து தேடினேன். அவருக்கு வேண்டிய எண் எனக்குக் கிடைக்கல.

அவர் தனக்குன்னு ஒரு வழி வெச்சிருக்கார். நல்லா ஓடுற வண்டி ஏதாவது ஆயில் மாத்த வந்தா, ஓனர்கிட்ட கேட்டுட்டு அஞ்சு நிமிஷம் கேஜ் மாட்டிப் பார்த்து, கடைச் சுவர்ல சாக்பீஸால வண்டிப் பேரும் எண்ணும் எழுதிடுறார். நான் பார்த்தப்போ பத்தொன்பது வண்டி இருந்துச்சு. கிளம்பும்போது மாமா வண்டி இருபதாவது.

உங்ககிட்ட ஒரு வேலை இருக்கு. உங்க பைக்கோ காரோ, அதோட சர்வீஸ் மேனுவல் பிடிஎஃப் கையில இருந்தா, ஃபியூயல் பிரஷர்னு போட்டிருக்கிற பக்கத்தைத் தேடி, மாடல், வருஷம், எண், இந்த மூணை மட்டும் எங்களுக்கு மெயில் பண்ணுங்க. தீபாவளிக்கு ஊருக்குப் போறேன். அண்ணன் கடையில இன்னொரு சுவர் காலியாத்தான் இருக்கு.