பிரேசர் மலையின் ஓய்வில்லங்கள்

பகாங் மாநிலத்தில், கடல் மட்டத்திற்கு மேல் ஏறத்தாழ 1,200 மீட்டர் உயரத்தில், அடர்ந்த காட்டின் நடுவே அமைந்துள்ளது பிரேசர் மலை. பனிமூட்டத்தினூடே கருங்கற் சுவர்களுடன் நிற்கும் அதன் பழைய பங்களாக்களில் விடுமுறையைக் கழிக்கச் செல்வோர் பலர். பறவைகளின் ஒலியே மிகுந்து கேட்கும் அவ்விடத்தின் அமைதி, இயற்கை அளித்த கொடை என்றே எவரும் எண்ணுவர். ஆயினும், அவ்வில்லங்களின் வரலாற்றை நோக்குமிடத்து, அவ்வமைதியோடு பலருடைய உழைப்பும் அச்சமும் குருதியும் கலந்திருப்பது புலனாகும்.

வெப்ப நாடுகளில் நெடுநாள் தங்கும் ஐரோப்பியரின் உடல்நலம் குன்றும் என்பது 19ஆம் நூற்றாண்டு மருத்துவர் பலருடைய கருத்து. தாயகம் சென்று திரும்பவோ கப்பற் பயணத்திற்கே பல வாரங்கள் வேண்டும். ஆகவே, ஆங்கிலேயர் தாம் ஆண்ட நாடுகளிலேயே குளிர்ந்த மலைகளை நாடினர். கோயம்புத்தூர் ஆட்சியர் ஜான் சல்லிவன் 1820களில் உதகமண்டலத்தில் குடியிருப்பை உருவாக்கினார். மலாயாவிலோ, பினாங்குக் கொடிமலை 18ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே அவர்களுக்குப் புகலிடமாயிற்று. தைப்பிங் நகரை அடுத்த மேக்ஸ்வெல் மலை 1884இல் ஓய்விடமாக அமைந்தது. அதுவே இன்றைய புக்கிட் லாருட். இம்மலைகளுக்கு வண்டிகள் செல்லாத காலத்தில், குதிரை மீதும் மனிதர் தோளில் சுமந்த நாற்காலிகளிலும் துரைமார் மேலேறினர். ஒருவருடைய ஓய்வு, மற்றொருவருடைய தோளில் ஏறியே மலையுச்சியை அடைந்தது!

பிரேசர் மலையின் தொடக்கமோ ஓய்வு அன்று, ஈயம். லூயிஸ் ஜேம்ஸ் பிரேசர் என்னும் ஸ்காட்லாந்துக்காரர் 1890களில் அங்கு ஈயத் தொழிலில் ஈடுபட்டார். தோண்டிய ஈயத்தைக் கோவேறு கழுதைகள் சுமந்து கீழே கொண்டு சென்றன. சில ஆண்டுகளில் அவர் அவ்விடத்தை விட்டு மறைந்தார். 1917இல் சிங்கப்பூர்ப் பேராயர் பெர்குசன் டேவி அவரைத் தேடி மலையேறினார். தேடிய மனிதர் கிடைக்கவில்லை. ஆனால் இனிய தட்பவெப்பம் கிடைத்தது. அவருடைய பரிந்துரையைத் தொடர்ந்து 1919இல் பணிகள் தொடங்கின. 1922இல் விருந்தினருக்காக மலை திறந்துவிடப்பட்டது.

கேப் என்னுமிடத்திலிருந்து உச்சி வரை, ஒரு நேரத்தில் ஒரு திசையில் மட்டுமே வண்டிகள் செல்லத்தக்க குறுகிய சாலை வளைந்து வளைந்து ஏறியது. மலாயாவின் சாலைகளையும் இருப்புப் பாதைகளையும் அமைத்த தொழிலாளருள் தமிழர் பெருந்தொகையினர் என்பதை வரலாறு அறியும். மலைக்குப் பிரேசரின் பெயர் நிலைத்தது. காடழித்துக் கல்லடுக்கியவர்களின் பெயரைத் தாங்கிய பலகை ஒன்றும் இல்லை.

1948இல் அவசரகாலம் பிறந்தது. 1950இல் வகுக்கப்பட்ட பிரிக்ஸ் திட்டத்தின்கீழ், காட்டோரங்களில் வாழ்ந்த ஏறத்தாழ 5 இலட்சம் மக்கள், பெரும்பாலும் சீனர், முள்வேலியிட்ட புதுக்கிராமங்களுக்கு மாற்றப்பட்டனர். அத்திட்டத்தை நடைமுறைப்படுத்திய ஆட்சியின் தலைவராக விளங்கியவர் உயர் ஆணையர் சர் ஹென்றி கர்னி. 1951ஆம் ஆண்டு அக்டோபர் 6ஆம் நாள் சனிக்கிழமை, அவர் தம் துணைவியாருடன் பிரேசர் மலையை நோக்கிப் புறப்பட்டார். கோலகுபுவைக் கடந்து கேப் செல்லும் வழியில், பதுங்கியிருந்த கம்யூனிஸ்டுப் போராளிகள் வண்டிகள் மீது சுட்டனர். கர்னி காரை விட்டிறங்கிச் சாலையோரத்தை நோக்கி நடந்தார், குண்டுபட்டு வீழ்ந்தார். காரினுள் இருந்த அவர் துணைவியார் உயிர் தப்பினார். ஓய்வில்லத்திற்குச் சென்ற பாதையே அவருடைய இறுதிப் பாதையாயிற்று.

இந்நிகழ்ச்சி உணர்த்துவது யாது? அடிவாரத்தில் மக்கள் அச்சத்தோடு வாழும்போது, மலையுச்சியில் மட்டும் அமைதியைக் கட்டிவைத்தல் இயலாது என்பதேயாம்.

1957இல் நாடு விடுதலை பெற்றது. ஒருகாலத்தில் ஆள்வோருக்கென எழுந்த மலையில் இன்று நாட்டு மக்கள் எவரும் சென்று தங்கலாம். மாணவரை அங்கு அழைத்துச் செல்லும் ஆசிரியர், பூக்களையும் பறவைகளையும் காட்டுவதோடு நின்றுவிடலாகாது. அக்கருங்கற் சுவர்களைத் தொட்டுக் காட்டி, "இக்கற்களைச் சுமந்தவர் யார்?" என்றும் வினவுதல் வேண்டும். அவ்வினாவுக்கு விடை தேடத் தொடங்கும் மாணவனுக்கு அன்றே வரலாற்றுக் கல்வி தொடங்கிவிடுகிறது.