தானா ராத்தாவும் மலேசியக் குற்றவியல் நீதியும்

கேமரன் மலையின் நிர்வாக நகரான தானா ராத்தாவில் தேயிலைத் தோட்டத் தொழிலாளி ஒருவர் கைதானால், கூட்டரசு அரசியலமைப்பின் 5ஆவது பிரிவின்படி, பயண நேரம் நீங்கலாக 24 மணி நேரத்துக்குள் அவரை மாஜிஸ்திரேட் முன் நிறுத்தியாக வேண்டும். புலனாய்வு முடியாத நிலையில் மாஜிஸ்திரேட் அனுமதிக்கும் தடுப்புக் காவல், குற்றத்தின் கடுமைக்கேற்ப 7 அல்லது 14 நாளுக்கு மேல் நீளாது. முதல்நிலை மாஜிஸ்திரேட் பொதுவாக 5 ஆண்டுச் சிறைவரை விதிக்கலாம். அவரது விசாரணை அதிகாரத்துக்கு மேற்பட்ட குற்றங்கள் செஷன்ஸ் நீதிமன்றத்துக்கும், மரண தண்டனைக்குரியவை உயர்நீதிமன்றத்துக்கும் செல்லும். பொதுமக்களில் சிலர் அமர்ந்து குற்றத்தை முடிவுசெய்யும் ஜூரி முறை, அமெரிக்காவில் நிலைத்திருக்க, இங்கே 1995இல் நீங்கியது. விசாரணை மலாயில் நடப்பதால், குற்றம் சாட்டப்பட்டவருக்குப் புரியும் மொழியில் சாட்சியம் பெயர்த்துச் சொல்லப்பட வேண்டும்; தமிழ் மட்டுமே அறிந்த முதிய தொழிலாளிக்கு இதைவிடப் பெரிய காப்பு வேறில்லை. சிறையில் நன்னடத்தைக்குத் தண்டனையின் மூன்றில் ஒரு பங்கு கழிக்கப்படும்.